நம்ம வண்டி

கண்காட்சி நோட்டீசில் முப்பது பழைய கார்கள் என்று போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட மைதானத்தை இரண்டு முறை சுற்றி எண்ணினேன். இருபத்தேழுதான். மூன்றாவது முறை இருபத்தெட்டு வந்தது. யாரோ கடைக்குப் போகிற வழியில் நிறுத்தியிருந்த ஜீப்பையும் சேர்த்துவிட்டேன். இருபத்தேழில் நான்கை வேப்பமரத்தடியில் விட்டிருந்தார்கள். மேலே இரண்டு காக்கைக் கூடுகள். அத்தனை வருஷம் காப்பாற்றி வந்த பெயிண்டைக் கொண்டுவந்து காக்கையிடமா ஒப்படைப்பது? சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்த இளைஞரிடம் சொன்னேன். பார்த்துக்கொள்கிறோம் என்றார். பார்த்துக்கொள்ளவில்லை.

ஆனாலும் அன்று காலை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு காரைச் சுற்றியும் ஐந்தாறு பேர் நின்று ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த மாடலில்தான் எங்கப்பா பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு திருப்பதி போனார் என்றார் ஒருவர். எங்கள் சித்தப்பா பதிமூன்று பேர் என்றார் இன்னொருவர். பதிமூன்று பேர் எப்படி உட்கார்ந்தார்கள் என்று கேட்டேன். உட்கார்ந்தார்கள் என்று யார் சொன்னது என்றார்.

மூன்றாவது வரிசையில் ஐந்தாவதாகக் கறுப்பும் பச்சையுமாக ஒரு கார் நின்றது. நம்பரைப் பார்த்தேன். மூன்று, ஒன்று, நான்கு, ஏழு. கூட்டினால் பதினைந்து. ஒன்பது வயதில் நான் கூட்டிப் பார்த்த அதே பதினைந்து.

காரின் சொந்தக்காரர் வேலூரிலிருந்து வந்தவர். முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. பானெட்டைத் தூக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். என்னங்க ஐயா தேடறீங்க என்றார். பட்டு நூல் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கத்தான் செய்வார்.

அப்போதெல்லாம் இந்த மாதிரி வண்டிக்கு ஊரில் பிளஷர் என்று பெயர். ஆரணியில் அன்றைக்கு மொத்தம் ஆறு பிளஷர்தான். இது ஒரு ஜவுளி முதலாளியுடையது. ஓட்டியவர் என் தாய்மாமா. மற்ற ஊர்களில் டிரைவர்கள் பஞ்சு வேஸ்ட்டால் வண்டி துடைப்பார்கள். எங்கள் ஊரில் தறியில் மிஞ்சிய பட்டு நூல் வேஸ்ட். மாமா அதில் ஒரு மூட்டையைச் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தார்.

மாமாவுக்கு முப்பத்தொரு வயது. ஐந்து இடத்தில் பெண் பார்த்து ஐந்தும் தட்டிப்போயிருந்தது. ஐந்துக்கும் அம்மாவோடு நானும் போயிருக்கிறேன். மொத்தம் பத்தொன்பது பஜ்ஜி தின்றேன். ஆறாவது இடம் சேத்துப்பட்டில். பெண்ணின் அப்பா தமிழ் வாத்தியார். இதுவும் தவறினால் இனிமேல் எனக்குப் பெண்ணே பார்க்காதே என்று மாமா அம்மாவிடம் சொல்லிவிட்டார். தரகர் அதனால் ஒரு வேலை செய்திருந்தார். மாப்பிள்ளை பிளஷர் வெச்சினுகீறாரு என்று பெண் வீட்டில் போட்டுவைத்திருந்தார். பொய் என்று சொல்ல முடியாது. வைத்துக்கொண்டுதான் இருந்தார், சாவியை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி மனமிரங்கி வண்டியைக் கொடுத்தார். நாலரைக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும். தரகர் முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டார். கிளம்பும்போதே மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“வண்டி யாருதுன்னு எவனாவது கேட்டா, எங்க வண்டின்னு சொல்லு. வேற ஒண்ணும் வாயத் தொறக்காத.”

பொய் சொன்னால் கணக்கு மறந்துபோகும் என்று யாரோ சொல்லி நான் நம்பியிருந்த காலம்.

பத்து மைல்கல் எண்ணியிருப்பேன். முன்பக்கத்திலிருந்து புகை வந்தது. மாமா இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். ஃபேன் பெல்ட் அறுந்து பாம்புச் சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கேழ்வரகுக் கொல்லை, ஒரு கிணறு, அவ்வளவுதான். மாமா மைல்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஆறாவதும் போச்சு என்றார்.

அம்மாதான் சீட்டுக்கு அடியிலிருந்த மூட்டையை இழுத்தாள். ஒரு முனையை என் கையில் கொடுத்தாள், மறுமுனையை மாமா கையில். பிரியாக முறுக்கி, மூன்று பிரியை ஒன்றாக்கினாள். மாமா முடிச்சுப் போடப் போனார்.

“முடிச்சி போட்டா சக்கரத்துல தட்டும்டா. குடு இங்க. இன்னா, நெசவுக்கார ஊட்ல பொறந்தியா இல்லியா?”

தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவு நூலை இழை இழையாகச் சேர்ப்பதுபோல இரண்டு முனைகளையும் சேர்த்தாள். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல் வேண்டும். தாம்பூலத் தட்டில் கோயில் விபூதிப் பொட்டலம் இருந்தது. அதைப் பிரித்துக் கொட்டினாள். நான் டிபன் கேரியரில் கிணற்றிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன். ஏழு நடை. வண்டி கிளம்பியபோது மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். பறக்காதே, மெல்லப் போ என்று அம்மா சொல்லச் சொல்ல, மாமா சிரித்துக்கொண்டே ஓட்டினார். அரக்கு நிறப் பட்டு பெல்ட் உள்ளே தப்புத் தப்பென்று அடித்துக்கொண்டே வந்தது.

நாலு மணி மூன்று நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தெருவே கூடிவிட்டது. நாற்பத்தொரு பேர், இடுப்புக் குழந்தைகளைச் சேர்க்காமல். உள்ளே பஜ்ஜி வந்தது. பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டுக் கதவோரம் நின்றாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் வாத்தியார் பஜ்ஜியும் வாயுமாக இருந்த என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, வாசல்ல நிக்கிற பிளஷரு யாருது?”

மாமா கூரையைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். நான் மனதுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டேன். எங்க வண்டி என்றால் நானும் அம்மாவும் மாமாவும்தான். அது சுத்தப் பொய். நம்ம வண்டி என்றால் ஆட்கள் கூடும், அதில் முதலாளியையும் சத்தமில்லாமல் சேர்த்துவிடலாம். தலை கூடக்கூடப் பொய் குறையும் என்று அந்த வயதில் எனக்குப் பட்டது.

“நம்ம வண்டிங்க” என்றேன்.

கதவோரம் களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். எங்க வண்டி என்றிருந்தால் நாம் வெளியே, நம்ம என்றதால் நம்மையும் உள்ளே சேர்த்துக்கொண்டான், இலக்கணத்தில் இதற்கு உளப்பாடு என்று பெயர் என்று கூடியிருந்தவர்களுக்கெல்லாம் ஒரு பாடமே நடத்தினார். கொயந்த வாயில சொந்தமுன்னு வந்துடுச்சி, அப்புறம் இன்னா யோசன என்று தரகர் தூண்டிவிட்டார். ராகுகாலத்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பூ வைத்தாகிவிட்டது.

பிறகு உண்மை தெரியாமலா போகும்? மாமா அடுத்த முறை பஸ்ஸில் வந்து இறங்கினார். உளப்பாட்டில் முதலாளியும் அடக்கம் போலிருக்கிறது என்று வாத்தியார் சொன்னாராம். அதோடு சரி. ஆனால் நான்தான் பொய் சொல்லி அத்தையை ஏமாற்றிவிட்டேன் என்று பல வருஷம் அவர் முகத்தை நேராகப் பார்க்கமாட்டேன். தீபாவளிக்கு அவர் அதிரசம் கொடுத்தால் இரண்டுக்குமேல் எடுக்கமாட்டேன்.

இதை மைதானத்தில் சொல்லி முடித்தபோது என்னைச் சுற்றிப் பத்தொன்பது பேர். திருப்பதிக்காரரும் வந்திருந்தார். எஞ்சினில் பட்டு நூல் இல்லை, ரப்பர் பெல்ட்தான் இருந்தது. வேறென்ன இருக்கும்? ஆனால் எனக்கு நிலைகொள்ளவில்லை. ஆட்டோ அனுப்பி அத்தையை வரவழைத்தேன். எண்பத்துமூன்று வயது. மாமா போய் எட்டு வருஷமாகிறது. அத்தை காரை ஒரு சுற்று வந்து, கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். வேலூர்க்காரர் பின்கதவைத் திறந்து, உட்காருங்கம்மா என்றார்.

“அது மொதலாளி உக்கார்ற எடம்பா. நா முன்னாடி உக்காந்துக்கறேன்.”

உட்கார்ந்ததும் நான் அறுபத்துமூன்று வருஷமாக வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் ஏமாற்றிவிட்டேன் அத்தை என்றேன். அத்தை சிரித்தார். கதவோரம் கேட்ட அதே சிரிப்பு.

“நீ எங்கடா ஏமாத்தன? நா ஜன்னல்லயே பாத்துட்டேன். வண்டி நின்னதும் உங்க மாமா சுத்தி ஓடியாந்து பின்கதவத் தொறந்து, உங்கம்மா தலையில இடிக்காம மேல கைய வெச்சிகினு நின்னாரு. சொந்தக்காரன் எவன் அப்டி நிப்பான்? டிரைவர்னு அப்பவே தெரியும். அந்தக் கையத்தான் பாத்துகினே இருந்தேன்.”

நம்ம வண்டி என்று சொன்னபோது நான் நான்கு பேரைத்தான் எண்ணியிருந்தேன். வாத்தியார் தன் வீட்டாரையெல்லாம் சேர்த்துக்கொண்டார். எங்கள் இருவர் கணக்குக்கும் முன்பே ஒருத்தி ஜன்னல் வழியாக ஏறி உட்கார்ந்துவிட்டது, பஜ்ஜியை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு எப்படித் தெரியும்?