சுவரோரம் விடாத இடைவெளி

திண்டிவனத்தில் ஒரு பழைய பங்களாவைப் புதுப்பித்தபோது, மாடிக்குத் தேக்குப் பலகைத் தரை போட்டவன் நான். மழைக்காலத்தில் மரம் உப்பும், சுவரோரம் ஒரு விரல் இடைவெளி விடலாம் என்றேன்.

"அசிங்கமா இருக்கும். வாயை மூடிக்கினு வேலையப் பாரு" என்றார் இன்ஜினியர், என் ஆட்கள் முன்னால். என்னைவிடப் பத்து வயது சின்னவர்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் படட்டும் என்று, கடைசிப் பலகையை ஆப்பு வைத்து இன்னும் இறுக்கினேன். மழைக்காகக் காத்திருந்தேன்.

ஐப்பசியில் தரை நடுவில் மேடாக எழும்பிவிட்டது. அவர் திட்டு வாங்குவதைப் பார்க்கவே போனேன்.

ஓனரிடம் அவர் சொன்னார்: "மேஸ்திரி அப்பவே சொன்னாருங்க. நான்தான் கேக்கல. அவர் மேல தப்பில்ல."

ஆப்பு வைத்ததை அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயை மூடு என்று அன்று யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் மூடிக்கொண்டேன்.