கயிறு மறக்காத மரியதாசன்

மயிலிட்டியிலிருந்து தாசனின் மகள் தொலைபேசியில் அழைத்தபோது நான் சுன்னாகத்தில் என் கடையில் ஒரு ரைஸ் குக்கரைக் கழற்றி வைத்திருந்தேன். "மாமா, அப்பா மோசம் போயிட்டார். விடிய எழுப்பப் போனன், எழும்பேல்லை" என்றாள். நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். பிறகு குக்கரைத் திரும்பப் பூட்டி, தண்ணீர் விட்டு, கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடையைச் சாத்தினேன். அதைக் கல்நெஞ்சு என்று சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லட்டும்.

பின்னேரம் பஸ்ஸில் போகும்போது சந்தி மதிலில் மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. படம், பெயர், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'கயித்துத் தாசன்'. பட்டப்பெயர் போடாவிட்டால் ஆரென்று சனத்துக்கு விளங்காது என்பதற்காகப் போடுகிறார்கள். முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் அட்டையிலும் கல்லறையிலும் அதையே போடப்போவதாக மகள் சொன்னாள். மலருக்கு என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டாள். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பதைத் தவிர எனக்கு எழுத ஒன்றும் இல்லை. இதை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் அவரைத் தெரிந்தவர்கள். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களும் உங்களுக்குள் இருக்கிறீர்கள்.

மரியதாசன் முதன்முதல் என் கடைக்கு வந்தது இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து. மயிலிட்டியை ராணுவம் எடுத்து, சனத்துக்கு ஊரும் இல்லை, கடலும் இல்லை என்றிருந்த காலம். பேப்பரில் சுற்றி ஒரு சின்ன றேடியோ கொண்டுவந்தார். "பாட்டுக் கேக்கவோ?" என்று கேட்டேன். "இல்லை அண்ணை, காலநிலைக்கு" என்றார். கடலுக்கே போகமுடியாத மனிதனுக்குக் காலநிலை எதற்கு என்று நான் ஏளனமாகக் கேட்டேன். "நான் போகாட்டி காத்து அடியாதே?" என்றார். அவருக்குக் கோபம் வரவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. பழுதான சாமான்களைக் கழற்றிக் கழற்றியே படித்தேன். சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் வசதியான வீட்டுக்காரர்கள் வளவுகளில் பெரிய ரீவி டிஷ் பூட்டத் தொடங்கியபோது, படித்தவர்கள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நான் பூட்டிக் காட்டினேன். ஆனால் பத்தடி டிஷ்ஷைத் தனியாகத் தூக்க முடியாது. தாசனைக் கூப்பிட்டேன். கயிறும் முடிச்சும் ஏற்றமும் அவர் வேலை. திசையும் வயரும் படமும் என் வேலை. ஒருமுறை வானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து, கட்டியிருந்த பசுமாட்டின் மேல் விழுந்தேன். "அண்ணைக்கு மேலை நிக்கிறதெல்லாம் வடிவாத் தெரியுது. மாடுதான் தெரியேல்லை" என்று அவர் வீட்டுக்காரருக்குச் சொன்னார். அன்று முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.

பிறகு சின்ன டிஷ் வந்தது, கேபிள் வந்தது. பெரிய டிஷ்கள் வளவுகளில் கறள் பிடித்து நின்றன. ஏழு வருடத்துக்கு முன் புத்தூரில் ஓய்வுபெற்ற ஒரு தபாலதிபர், கிணற்றடியில் நின்ற டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போனால் போதும் என்றார். நாங்கள் பூட்டிய டிஷ்தான் அது. எனக்கு வேண்டியது அதன் மோட்டார்க் கை. டிஷ்ஷின் முதுகில் இருந்துகொண்டு, அதை இழுத்தும் தள்ளியும் திசை திருப்புகிற நீண்ட இரும்புக் கை. அப்படி ஒன்று இனிக் கிடைக்காது. தாசனுக்கு வேண்டியது அலுமினிய வலைத் தகடுகள். சில மாதங்களுக்கு முன்னர்தான் மயிலிட்டியில் அவருடைய காணியை ராணுவம் விட்டிருந்தது. மச்சானின் படகில் கடலுக்கு இறங்கப்போகிறார். "கருவாடு காயப்போட உதைவிடத் திறம் சாமான் இல்லை. மேலையும் காத்து, கீழையும் காத்து" என்று முதல்நாளே சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோசமாக நான் அவரை அதற்கு முன் கண்டதில்லை.

அன்று விடியவே போனோம். "சோளகக் காத்து எழும்ப முன்னம் முடிச்சுப்போடோணும்" என்றார். "அண்ணை, உதை ரீவிச் சாமான் எண்டு நினையாதேங்கோ. உது பாய். காத்து வந்தால் உது ஒருதரையும் பாராது." வேலையின் ஒழுங்கையும் அவரே சொன்னார். முதலில் இரண்டு பக்கமும் கயிறு. பிறகு மோட்டார்க் கையை விடுவித்து, டிஷ்ஷை மெல்ல வானம் பார்க்கத் திருப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் தகடுகள். இன்னொன்றும் சொன்னார். படகில் எவனும் சொல்லாமல் கயிறு அவிழ்ப்பதில்லை. அவிழ்க்கிறவன் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மற்றவன் "ஓம்" என்ற பிறகுதான் கை வைக்கலாம்.

"நான் என்ன பாலர் வகுப்பே, கேட்டுக் கேட்டுச் செய்ய?" என்றேன்.

"கடலிலை எல்லாரும் பாலர் வகுப்புத்தான் அண்ணை."

"உது புத்தூர். கடல் இல்லை."

அவர் சிரித்துக்கொண்டு மேற்குப் பக்கக் கயிற்றைத் தென்னையில் கட்டினார். மற்றக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்குப் பக்கம் ஏணியில் ஏறினார். நான் டிஷ்ஷின் பின்பக்கம் நின்றேன். அவரை நானோ, என்னை அவரோ காணமுடியாது. மோட்டார்க் கையின் போல்ட்டுக்கு முதல்நாளே மண்ணெண்ணெய் ஊற்றியிருந்தேன். இறுகியிருக்கும், அவர் கட்டிமுடிக்கும் வரைக்கும் அசையாது என்று நினைத்து ஸ்பனரைப் போட்டேன். ஒரே திருப்பில் இளகியது. இளகியதும் நான் நிறுத்தவில்லை. அதுதான் விசயம். நிறுத்தியிருக்கலாம். கூப்பிட்டிருக்கலாம். வாழ்நாள் முழுக்கத் தனியாக மேசையில் குந்தியிருந்து வேலை செய்தவன் நான். கழற்றுகிறபோது யாருக்கும் சொல்லிப் பழக்கமில்லை. போல்ட்டை உருவினேன். மோட்டார்க் கை டிஷ்ஷை விட்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று வந்தது. பெரிய காற்றுக்கூட இல்லை. டிஷ் ஒருபக்கமாகச் சுழன்று ஏணியை அடித்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் கிணற்றுக் கட்டோடு கிடந்தார். வலது தோள் இருந்த இடத்தில் இல்லை. கட்டப்போன கயிறு அவர் கைக்குள் இருந்தது. தபாலதிபர் உள்ளேயிருந்து வந்து, "என்ன நடந்தது?" என்று கத்தினார். நான் வாய் திறக்குமுன் தாசன் சொன்னார்: "நான்தான் ஐயா. இந்தப் பக்கக் கயிறு கட்ட மறந்துபோனன்."

ஆஸ்பத்திரியில் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னீர் என்று. "அண்ணை, நான் கடலுக்குப் போறவன். என்னைப் பற்றி என்ன கதைச்சாலும் மீனுக்குக் கேளாது. உங்களிட்டைச் சனம் கறண்ட் சாமான் நம்பித் தருது. கவனமில்லாத ஆள் எண்டு ஒரு கதை எழும்பினால் கடை அவ்வளவுதான்." கடலுக்குப் போகிறவன் என்றுதான் அப்போதும் சொன்னார். அந்தக் கை இனி நெஞ்சுக்கு மேல் எழும்பாது, வலை இழுக்காது என்று டாக்டர் சொன்னது அதற்குப் பிறகு. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் காத்திருந்து, தன் கடல் திரும்பக் கிடைத்த வருடத்தில் அவர் கரையில் உட்கார்ந்தார்.

கயிறு கட்ட மறந்த கடற்காரன் என்ற கதை அவருக்கு முன்னரே மயிலிட்டிக்குப் போய்விட்டது. ஒருநாள் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். துறைமுகத்தில் ஒருவன், "கயித்துத் தாசண்ணை, சாரத்தைக் கட்டினியளே, மறந்துபோனியளே?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் எழுந்து உண்மையைச் சொல்லப்போனேன். "அண்ணை, பிளேன்ரீ ஆறுது, குடியுங்கோ" என்று என் கையைப் பிடித்து இருத்தினார். நான் கோப்பையை வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். மூன்று மாதம் போகவில்லை. ஒருநாள் அவரே கடைக்கு வந்தார். "கோவம் முடிஞ்சுதே?" என்றார். "இல்லை" என்றேன். "சரி, அப்ப கோவத்தோடையே கதைப்பம்" என்று கடை வாங்கில் உட்கார்ந்தார்.

அது அவருடைய பெருந்தன்மை என்று நீங்கள் சொல்வீர்கள். செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், அவர் செய்தது பிழை. எனக்கு வரவேண்டியதை அவர் எடுத்துக்கொண்டார். நான் அதை எடுக்கவிட்டேன். ஒரு நாள் அவர் தடுத்தார், சரி. மற்ற நாட்களில் என்னை யார் தடுத்தது? எனக்குக் கடை இருந்தது. அது பெரிதாக இருந்தது.

செத்தவீட்டில் பேசிய ஒருவர், பாசமாகத்தான், "கயித்தை மறந்தாலும் எங்களை மறவாத தாசண்ணை" என்றார். அழுதவர்கள்கூடக் கொஞ்சம் சிரித்தார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். அப்போதும் எழும்பவில்லை.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் போய் அவருடைய மனைவி திரேசம்மாவிடம் சொன்னேன். முழுவதையும், இங்கே எழுதியபடியே சொன்னேன். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். தெரியாது. கேட்டுவிட்டுச் சொன்னார்:

"படகு வெளிக்கிடுற நேரமெல்லாம் நான் அந்த மனுசனை ஏசுறனான். 'கயித்தை ஒழுங்காக் கட்டியிருந்தால் நீங்களும் இப்ப அதிலை நிண்டிருப்பியள்' எண்டு. ஏழு வருசம். ஒருநாளும் வாய் திறக்கேல்லை. இனி நான் ஆரிட்டைப் போய் அதைத் திருப்பி வாங்க?"

என்னை ஏசுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். ஏசவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. எப்போதும் அண்ணை என்று கூப்பிடுகிறவர், நான் எழுந்து வரும்வரை அப்படிக் கூப்பிடவில்லை. மகள்தான் கேட்டாள், "அப்ப கல்லிலை என்ன போடுறது, அம்மா?" என்று. "பேரை மட்டும் போடு" என்றார்.

அப்படியே போடப்போகிறார்கள். இந்த மலரின் அட்டையிலும் மரியதாசன் என்று மட்டும்தான் இருக்கும். இனி அவரைப் பற்றிக் கதைப்பவர்கள் அப்படியே கதையுங்கள்.

இறந்தவரிடமிருந்து எனக்கென்று எதை வைத்துக்கொள்கிறேன் என்று இப்படியான கட்டுரைகளின் முடிவில் எழுதுவார்கள். அவருடைய நல்ல குணம் ஒன்றும் என்னிடம் ஒட்டவில்லை. அதைச் சொல்லி ஏமாற்ற மாட்டேன். திரேசம்மா கல்லில் போடாமல் விட்ட 'கயித்து' என்ற அந்தப் பட்டப்பெயரை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் வயது எழுபத்தாறு. என் அறிவித்தல் மதிலில் ஏறும் நாளில், பெயருக்குப் பின்னால் அதைப் போடச் சொல்லி என் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். இதை வாசிக்கக் கொடுத்தேன்.