பைபிள் உறைக்குள் ஆறு மாத்திரைகள்

பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன். அதனால் எழுதி வைத்து வாசிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கோயில் உபதேசியார் மூன்று தடவை கேட்டும் சாட்சி சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தவள் நான். முழுச் சுகத்தோடு வந்து நின்றால்தான் சாட்சி என்று நினைத்திருந்தேன். என் சுகம் அப்படிப்பட்டது இல்லை.

போன வருஷம் ஆகஸ்டில், காய் எடுப்பு மும்முரமாக நடந்த நேரத்தில், எனக்கு எல்லாம் இரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. ஏலச்செடியின் தூரில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கிற சரத்திலிருந்து முற்றின காயை மட்டும் எடுக்க வேண்டும், பிஞ்சில் கை வைக்கக் கூடாது. இருபது வருஷமாகச் செய்கிற வேலை. கண்ணை மூடிக்கொண்டும் எடுப்பேன் என்று பெருமை பேசியிருக்கிறேன். அன்றைக்குக் கை போன இடத்தில் காய் இல்லை. கூடையில் பாதி பிஞ்சு. சூப்பர்வைசர் கூடையைக் கவிழ்த்துக் காட்டி, கண் எங்கே இருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். இடது கண் மூக்குப் பக்கம் திரும்பி நின்றுவிட்டதைச் சாயங்காலம் என் வீட்டுக்காரர்தான் கண்டுபிடித்தார். அவரை உங்களுக்குத் தெரியும், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை பார்க்கிற தங்கராஜ்.

கண்ணுக்குப் பின்னால் நாள் முழுக்க வலி. போடியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, இது கண் கோளாறு இல்லை என்று தேனிக்கு ஸ்கேன் எடுக்க அனுப்பினார். ஸ்கேன் பார்த்தவர்கள் கோட்டயத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் விஷயம் தெரிந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் ஓஸ் ஒரு இடத்தில் மெலிந்து உப்பி நிற்குமே, அது மாதிரி மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் கண்ணுக்குப் பின்னால் வீங்கி, கண்ணைத் திருப்புகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. வளர்ந்தால் பார்வை போகும், வெடித்தால் உயிர் போகும் என்றார்கள். தலையைத் திறக்க வேண்டாம், தொடை வழியாகச் சன்னமான கம்பி வலைக்குழாய் ஒன்றைக் கொண்டுபோய் வீக்கத்தின் வாய்க்குக் குறுக்கே வைத்துவிடலாம், ரத்தம் வீக்கத்துக்குள் போகாமல் நேராகப் போய்விடும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். செலவுக்கு வழி பிறந்தது தனிக் கதை. அதற்காக ஓடியவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வலை வைப்பதற்கு முன்னால் ஏழு நாள், ரத்தம் உறையாமல் இருக்க தினமும் காலையில் இரண்டு மாத்திரை போடச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பின் என்று கவரில் எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த வாரம்தான் நம் பெண்கள் ஐக்கியம் எனக்காக மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தது. வெறும் தண்ணீர் மட்டும். நானும் உட்கார்ந்தேன். என்னை மாத்திரை போட வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்கிறேன். சாப்பாடு இல்லையே, சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை எப்படிப் போடுவது என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். உண்மையான காரணம் வேறு. மாத்திரையை விழுங்கினால் உபவாசம் தீட்டாகிவிடும், அவிசுவாசி என்று ஆண்டவர் நினைத்துவிடுவார் என்று பயந்தேன். வீட்டுக்காரர் அட்டையை எண்ணிப் பார்க்கிறவர். அதனால் தினமும் இரண்டைப் பிதுக்கி எடுத்து, கர்ச்சீப்பில் முடிந்து, என் பைபிளின் ஜிப் உறைக்குள் வைத்துவிட்டேன். மூன்று நாளில் ஆறு மாத்திரை.

மூன்றாம் நாள் முடிவில் கண் நேராகிவிடும் என்று நம்பினேன். கண்ணாடியில் பார்த்தேன். அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. பாட்டு வரவில்லை. மற்றவர்கள் ஆமென் சொல்லும்போது நானும் சொன்னேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் கோட்டயம் ஆஸ்பத்திரியில் என்னைத் தயார் பண்ணினார்கள். டாக்டர் மலையாளி, எங்களிடம் தமிழில்தான் பேசுவார். "மருந்து ஒரு நாளும் முடங்கலயே அம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் வீட்டுக்காரர் நிற்கிறார். இல்லை சார், ஒரு நாளும் விடவில்லை என்று சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை. தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள்.

போகிற வழியில் ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, என்னைக் கைவிடாதேயும் என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் சமாதானம் இறங்கினது, ஒரு சத்தம் கேட்டது என்று சாட்சி சொன்னவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. நான் சொன்ன பொய்தான் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டாகத் தெரிகிற விளக்குகள் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தன. கதவுக்கு முன்னால் வந்ததும் நர்ஸின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டர், பொய் சொல்லிட்டேன். மூணு நாளு மாத்திரை போடல. உபவாசம் இருந்தேன்."

வண்டி நின்றது. டாக்டர் வந்தார். முகத்தில் கட்டியிருந்ததைக் கழற்றினார். இன்றைக்கு வலையை வைத்திருந்தால் அதன் மேல் ரத்தம் உறைந்து குழாய் அடைத்திருக்கும், ஒரு பக்கம் கை கால் விழுந்திருக்கும், அல்லது எழுந்தே இருக்க மாட்டீர்கள் என்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "நானும் நோம்பு எடுக்கறவன்தான் அம்மா. மருந்து நோம்புல சேராது."

சிகிச்சை தள்ளிப்போயிற்று. என்னை அனுப்பாமல் வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். தினமும் நர்ஸ் கண் முன்னால் விழுங்கி, நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். எட்டு நாள். என் வாழ்க்கையில் அதைவிட இருட்டான நாட்கள் இல்லை. தும்மினால்கூட வெடித்துவிடுமோ என்று பயம். உபவாசமும் வீண், நம்பிக்கையும் வீண், ஆண்டவருக்கு என் மேல் கோபம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். பைபிள் உறைக்குள் இருந்த முடிச்சை வீட்டுக்காரர் கண்டெடுத்தார். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. கஞ்சி வாங்கி வந்து வைத்துவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துகொள்வார். மூன்றாம் நாள் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏட்டி, நீ போயிருந்தா நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்? ஒன்ட்டயா, ஆண்டவர்கிட்டயா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார்.

எட்டு நாள் கழித்து வலையை வைத்தார்கள். கண் விழித்தேன். கை, கால் அசைந்தது. ஆனால் கண் அப்படியேதான் இருந்தது. வீக்கம் சுருங்க மாதக்கணக்காகும் என்றார்கள். நவம்பர் போனது, கிறிஸ்துமஸ் போனது. ஒரு கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு ஆராதனைக்கு வந்தேன். என் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு நீங்கள் வேறு பக்கம் பார்த்தது எனக்குத் தெரியும். நான் ஜெபிப்பதையே விட்டுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஆண்டவரே, இதோ போடுகிறேன் என்று சொல்லி விழுங்குவேன். ஆறு மாதம் அது ஒன்றுதான் என் ஜெபம்.

ஈஸ்டர் முடிந்து கோட்டயம் போனோம். மறுபடியும் குழாய் விட்டுப் படம் எடுத்தார்கள். டாக்டர் திரையில் காட்டினார். ரத்தம் வலை வழியாக நேராகப் போகிறது. வீக்கத்துக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை. நான் ஆண்டவரிடம் கேட்டது வீக்கத்தை எடுத்துப்போட. அவர் முதலில் எடுத்தது என் பொய்யை. அந்தக் கதவுக்கு முன்னால் என் வாயைத் திறந்தது என் தைரியம் என்று நான் நம்பவில்லை. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

உங்களில் மருந்து சாப்பிடுகிறவர்கள் இருக்கிறீர்கள். உபவாசம் இருங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் டாக்டரிடம் கேட்டுவிட்டு இருங்கள். ஒரு வாய் கஞ்சியோடு மாத்திரையைப் போட்டால் ஆண்டவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார். அவரை நம்புங்கள், அவரிடமும் டாக்டரிடமும் ஒரே பேச்சாகப் பேசுங்கள்.

கண் முக்கால்வாசி திரும்பிவிட்டது. மீதி வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. நேராகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான், இடது பக்கம் பார்த்தால் இன்னும் இரண்டு. நம் கோயிலில் ஆண்கள் பக்கம் எப்போதும் பாதி காலியாகக் கிடக்கும். இங்கே நின்றால் அது என் இடது பக்கம், பார்க்கும்போது எனக்கு நிறைந்து தெரிகிறது. கடைசி வரிசையில் என் வீட்டுக்காரர் இரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறார். காலையில் மாத்திரை போட்டாயா என்று இரண்டு பேரும் பார்வையாலேயே கேட்கிறார்கள்.

போட்டுவிட்டேன்.