இட்லித் தட்டில் விரித்த ஷீட்

சந்திரம்மா கடையில் உட்கார்ந்த இடத்திலேயே நாற்பது இட்லி தின்றவள் நான். ஊரில் இப்படித்தான் சொல்லிக்கொள்வேன். கொஞ்சம் ஊதிப் பெருக்கியதுதான், ஒன்பதுக்கு மேல் இறங்கவில்லை.

திருக்கழுக்குன்றத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த சந்திரம்மா, தொண்ணூற்று நாலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இட்லிக்கடை போட்டாள். அந்த அடுப்பை நம்பியே மகள் ஜெனிஃபரைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள். துணியில் இட்லி ஒட்டும். துவைத்துத் துவைத்து விரலெல்லாம் புண். 2002இல் எங்கிருந்தோ மெத்தென்ற பிளாஸ்டிக் ஷீட் ஒன்று வாங்கிவந்து, தட்டுக்கு அளவாக வெட்டி விரித்தாள். இட்லி வழுக்கிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம் ஜெனிஃபர் பிள்ளையுண்டாகி அம்மா வீட்டுக்கு வந்தாள். எதைத் தின்றாலும் வாந்தி. இந்த இட்லி மட்டும் வயிற்றில் நின்றது. காலையில் நாலு, சாயங்காலம் நாலு, ஐந்து மாதம்.

என் மகன் சம்பத் ஆராய்ச்சிக்கூடத்தில் வேதியியல் வேலை பார்ப்பவன். ஒருநாள் கடையில் அந்த ஷீட்டை எடுத்து மடித்தான். படக்கென்று முறிந்தது.

"முதல்லயே இப்படியா இருந்தது, அக்கா?"

"துணியாட்டம் இருந்துச்சு தம்பி. ஏன்?"

"மெத்துன்னு இருக்க எண்ணெய் மாதிரி ஒரு மருந்து சேர்ப்பாங்க. சூட்டுல அது வெளிய வந்துடும்."

"வந்து எங்க போவும்?"

சம்பத் இட்லிப் பானையைப் பார்த்தான். உள்ளே ஜெனிஃபர் தட்டும் கையுமாகத் தின்றுகொண்டிருந்தாள்.

"கொயந்தய ஏதாச்சும் பண்ணுமா?"

"பண்ணும்னும் சொல்லத் தெரியல, பண்ணாதுன்னும் தெரியல. இனிமே வேணாம்க்கா."

அந்தத் 'தெரியல'தான் அவளை அரித்தது. அன்றே துணிக்கு மாறினாள். மகளிடம் மூச்சுவிடவில்லை. விறைத்த துண்டுகளை எறியவும் பயம். அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்து, எடுத்து எடுத்து வளைத்துப் பார்ப்பாள். எவ்வளவு உள்ளே போயிருக்கும்? இன்றைக்குப் பிள்ளை புரளவே இல்லை என்று ஜெனிஃபர் சும்மா சொன்னாலும் அரிசிப் பானைப் பக்கம் போய்விடுவாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான், ஜெபக்குமார். விரல், காது, கண் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். குறையில்லை. இப்போது ஆறு வயசு. அவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்றும் அவளுக்கு அந்த ஷீட்தான் நினைவுக்கு வரும்.

இதை எழுதி நான் வாசித்துக் காட்டியபோது சந்திரம்மா மாவு கரைப்பதை நிறுத்தினாள்.

"நான் எங்க வாங்கினேன்? உங்க வூட்டு மேஜ மேல விரிச்சிருந்த ஷீட்டு தானே டீச்சரம்மா. துணிய தூக்கிப் போடு, இத போடுன்னு வெட்டிக் குட்த்ததே நீங்க. மாத்தி எழுதுங்க. ஜெபக்குமாரு நாளைக்கிப் படிப்பான். ஆயாதான் வாங்கியாந்துச்சுன்னு நெனச்சுக்கப் போறான்."