அம்மா பெயரில் ஒரு புழு

என் மனைவிக்குப் புழு பார்க்கிற வேலை. ஆற்று மீன், கொக்கு, நீர்க்காகம் என்று எதன் வயிற்றில் யார் குடியிருக்கிறார்கள் எனக் கண்டுபிடித்து, பெயர் இல்லாததற்குப் பெயர் வைப்பாள். அப்படித்தான் ஒரு மீனின் வயிற்றில் கிடைத்த முட்தலைப் புழுவுக்கு என் அம்மாவின் பெயரை வைத்தாள். எங்களுக்குக் கல்யாணமான புதிது. மாமியாரும் மருமகளும் முகம் கொடுத்துப் பேசாத காலம். உறவுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மாவோ அந்தப் பெயர் ஆய்விதழில் அச்சான பக்கத்துக்குச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். அதோடு வீட்டில் சண்டை ஓய்ந்தது. நான் எதையும் கேட்கவில்லை. கிடைத்த நிம்மதியைக் கிளறிப் பார்க்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

போன வாரம் அதே இன மீனில் அதே புழு மறுபடி கிடைத்தது. இந்தப் புழு தன் மூக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். உயிரோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைத்தால்தான் முழுசாக நீட்டும். அதிலுள்ள கொக்கிகளை எண்ணித்தான் இனத்தைச் சொல்வார்கள். ஆய்வகத்து ஃபிரிட்ஜ் பழுது என்பதால், கிண்ணம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் பால் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அம்மா முகம் சுளிக்கவில்லை. நம்ம புழுதானே என்றார்.

ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் மைக்ரோஸ்கோப்பை வைத்து எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். என்ன ஆயிற்று என்று கேட்டேன். மூக்கின் அடிப்பக்கத்தில் இரண்டு வரிசைக் கொக்கிகள் கூடுதலாக இருந்தன. அன்றைக்குப் பெயர் வைத்தபோது, பாதி நீட்டிய மூக்கை எண்ணிவிட்டுப் புதிய இனம் என்று எழுதியிருக்கிறாள். உண்மையில் இது நீர்க்காகத்தின் குடலில் வளர்கிற ஒரு பழைய புழுவின் இளம் பருவம். ஒரே புழுவுக்கு இரண்டு பெயர் இருந்தால் முதலில் வைத்த பெயர்தான் செல்லும் என்பது அவர்கள் விதி. ஆக, அம்மாவின் பெயர் போய்விடும்.

வேறு யார் பார்க்கப் போகிறார்கள், கிண்ணத்தைக் கொட்டிவிடு என்று கிசுகிசுத்தேன். எரித்துவிடுவதுபோல் என்னைப் பார்த்தாள். நேரே அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். தன் பெயரை எடுத்துவிடுவார்களா என்று கேட்டார். எடுத்துவிடுவார்கள், தவறு என்று நானேதான் எழுத வேண்டும் என்றாள் இவள். அம்மா இன்னொரு சட்டையை எடுத்து மடித்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னைக்கு என்னைக் குத்திக்காட்டத்தானே அந்தப் பேரை வெச்ச?"

 இல்லை என்று சொல்லித் தொலையேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா அத்தை."

"தெரியும்" என்றார் அம்மா. "இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து நான் அண்ணி, அம்மா, அத்தை. உன் மாமனார்கூட கடைசி வரைக்கும் 'இந்தா'ன்னுதான் கூப்பிட்டார். என் பேரைச் சொன்னது நீ ஒருத்திதான்."

அவள் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தாள்.  அம்மாவின் பெயரை நானும் விண்ணப்பங்களில்தான் எழுதியிருக்கிறேன். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.