நடுப்பகலில் பத்திரிகை படிக்க முடியாத வீடுகள்

பேசாமல் இருந்தது போதும். சானிட்டரி இன்ஸ்பெக்டர் செல்வநாயகம் இறந்து பதினெட்டு நாளாகிறது. அன்று காலை முனிசிபல் ஆபீஸ் பியூன் திம்மய்யா என் மேஜையருகில் வந்து நின்று, "பேப்பர் சார் போயிட்டாரு" என்றான். ஒரு மணி நேரத்துக்குள் தலைவரிடமிருந்து சீட்டு வந்தது: அனுதாபத் தீர்மானம் எழுதித் தரவும். தலைமைக் குமாஸ்தா நான், எழுதினேன். கடமையே கண்ணாக இருந்தவர் என்று எழுதினேன். கமிட்டி அங்கத்தினர்கள் எழுந்து மௌனமாக நின்றார்கள். அவர் இடிக்கச் சொன்ன சந்தின் சொந்தக்காரரும் தலைகுனிந்து நின்றார்.

அவரோடு பழகியவர்களுக்கு அந்தப் பட்டப்பெயர் எப்படி வந்தது என்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு தமிழ்ப் பத்திரிகையை மடித்து வைத்திருப்பார். வீடு பார்க்கப் போனால், நடுப்பகலில் பின்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து அதை விரிப்பார். எழுத்துத் தெரிந்தால் வீடு. தெரியாவிட்டால் குடியிருக்க லாயக்கில்லை என்று எழுதிவிடுவார். கன்டோன்மென்ட் பக்கத்தில் பிளேக் காலத்தில் அவசரமாகக் கட்டிய சந்து ஒன்று உண்டு. இரண்டு வரிசை வீடுகள், முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் ஒரே சுவர். வாசலைத் தவிர வேறு திறப்பில்லை. வேலைக்கு வந்த புதிதில், முதல் சோதனைக்கு முன்பே, ஒரு முறை என்னையும் அங்கே சும்மா பார்க்க அழைத்துப் போனார்.

"பாருங்க சார், தலைப்பே தெரியல. இதுல ஆறு பேர் மூச்சு விடணும்" என்றார். அந்தச் சந்தில் வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மருந்து கொடுத்தபடி இருந்தார். "முதல்ல வீட்டுக்கு நாடி பார்க்கணும், அப்புறம்தான் மனுஷனுக்கு" என்பது செல்வநாயகத்தின் பேச்சு. கமிட்டியில் இதைச் சொன்னபோது சிரித்தார்கள்.

சோதனைக்கு மூன்று நாள் முன்பு சொந்தக்காரருக்கு நோட்டீஸ் போக வேண்டும் என்பது விதி. அதில் கையெழுத்திடுவது நான். நோட்டீஸ் கிடைத்ததும் சொந்தக்காரரின் ஆட்கள் வந்து சுண்ணாம்பு அடிப்பார்கள். ஒவ்வொரு கூரையிலும் பின்பக்கம் நாலு ஓடுகளை எடுத்துவிடுவார்கள். இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தால் பத்திரிகை பளிச்சென்று தெரியும். அவர் போன மறுநாள் ஓடுகள் பழைய இடத்துக்கு வந்துவிடும். வெளிச்சத்துக்கு நிரந்தரமாக வழி செய்துவிட்டார்கள் என்றே மூன்று வருஷம் அவர் நம்பியிருந்தார். கண்ணம்மா என்று ஒரு குடித்தனக்காரி, அவரை உபசரிக்கிற எண்ணத்தில் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்: "பேப்பர் சார் வர்றாருன்னா ரெண்டு நாள் முன்னாடியே எங்களுக்கு வெயில் வந்துடும்."

அன்று நேராக என்னிடம் வந்தார். "இந்த ஒரு தரம் நோட்டீஸ் அனுப்ப மறந்துடுங்க சார். ஆயிரம் காகிதத்துல ஒண்ணு. யாரும் கேக்க மாட்டாங்க."

விதி என்றேன். அனுப்பினேன். அவர் நோட்டீஸில் குறித்த தேதிக்குக் காத்திராமல், ஓடுகளை எடுக்குமுன்பே போய்ப் பார்த்து, அந்தச் சந்து முழுவதையும் இடிக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தார். கமிட்டி என்னிடம் குறிப்புக் கேட்டது. குறித்த நாளில் நடக்காத சோதனை செல்லாது என்று எழுதினேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. தலைவர் என்னைப் பாராட்டினார்.

அந்த மழைக்காலத்தில் கண்ணம்மாவின் மூத்த பெண்ணுக்கு இருமலில் ரத்தம் வந்தது. கண்ணம்மாவின் புருஷன் முனுசாமி மில் தொழிலாளி. பின்வரிசை வாசல்கள் மேற்கே பார்த்தவை. அங்கே சாயங்கால வெயில் இருக்கும் என்று அவனுக்கு நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை எடுத்துப் பின்சுவரில் ஒரு துளை போட்டான். அந்தப் பக்கமும் இருட்டு. துளைக்குள் ஒரு பெண்ணின் முகம் வந்தது. அவள் கேட்டாளாம்: "அக்கா, உங்க பக்கம் வெளிச்சம் இருக்கா?"

இதை என்னிடம் வந்து சொன்னவர் செல்வநாயகம். சொந்தக்காரர் துளையை அடைக்கச் சொன்னார், அடைத்தார்கள். கண்ணம்மாவின் மூத்த பெண் மார்கழியைத் தாண்டவில்லை.

வருஷக்கணக்காக அந்தத் தரைகளில் உட்கார்ந்தவருக்கு அதே நோய் வந்ததில் ஆச்சரியம் என்ன? கடைசியாகப் பார்க்கப் போனபோது, சர்ச்சுக்குப் பின்னால் இருந்த தம் வீட்டில் ஜன்னலடியில் படுத்திருந்தார். குரல் கம்மிப் போயிருந்தது.

"மல்லேஸ்வரத்துல உங்க வீட்டுக்கு எத்தனை ஜன்னல் சார்?"

ஒன்பது என்றேன்.

"நல்லாயிருங்க" என்றார். அதில் குத்தல் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். தலையணையடியிலிருந்து பத்திரிகையை எடுத்து என் கையில் வைத்து, "ஒரு தரம் சொல்லாம போய் உக்காருங்க" என்றார். போகிறேன் என்றேன்.

போகவில்லை. பத்திரிகை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அதுதான். ஒருநாள் பகலில் என் வீட்டு ஜன்னலருகே விரித்துப் பார்த்தேன். பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது.

இன்று காலை புது இன்ஸ்பெக்டரின் முதல் சோதனைக்கான நோட்டீஸ் என் மேஜைக்கு வந்தது. அதே சந்து. மறந்துவிடலாம் என்று மத்தியானம் வரை மற்றக் காகிதங்களுக்கு அடியில் வைத்திருந்தேன். பிறகு திம்மய்யா தபால் பையோடு வந்து நின்றான். கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டேன். நாளைக்கு ஓடுகளை எடுப்பார்கள். கண்ணம்மாவின் இளைய பெண்ணுக்கு இரண்டு நாள் வெயில் கிடைக்கும்.

தலைவர், கமிட்டி, சொந்தக்காரர் யாரையும் நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் அந்த நோட்டீஸ்களிலும், குறிப்பிலும், அனுதாபத் தீர்மானத்திலும் அடியில் இருப்பது என் பெயர். என் கையெழுத்தால் அந்தச் சந்துக்கு விளைந்தது போதும். இதைக் கையெழுத்தில்லாமல், அவர் மடித்து வைத்திருந்த அந்தப் பத்திரிகைக்கே தபாலில் சேர்க்கிறேன்.