அக்கா தனக்கென்று வைத்திருந்த ஒரே சாக்கு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நல்லபடியாக நாலு வரி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு ஏற்பட்ட திகைப்பு ஓராண்டாகியும் தீரவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். உறவினர்களும் நண்பர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது கண்டமங்கலம் பக்கத்தில் ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றார். ஆறு வயது இளையவனான நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன். திருமணமாகி அவர் விழுப்புரம் போனார். 1993இல், மகள் தேவிக்கு இரண்டு வயதாக இருந்தபோது, அக்காவின் கணவர் வெளியூர் வேலைக்கென்று போனவர் திரும்பி வரவில்லை.

அந்த ஆண்டே அக்கா மண்டியில் கிழிந்த சாக்கு தைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வந்து இறங்கும் இடம். கோணி ஊசியும் சணலும் வைத்துக்கொண்டு நாள் முழுவதும் தூசியில் உட்கார்ந்திருப்பார். கூலிக்குத் தைத்துக்கொண்டே இருக்கக் கூடாது, சொந்தமாக ஒரு சாக்குக் கடை வைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம். பழைய சாக்குகளை வாங்கித் தைத்து, வியாபாரிகளிடம் விற்றுவர என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டார்.

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். இதைப் படிக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

“எனக்குப் பேச வராதுக்கா. ஆளுங்கள பாத்தாலே நாக்கு ஒட்டிக்கினு போவுது” என்றேன்.

“நான் உன்ன சாக்கு விக்கத்தான் அனுப்புறேன். சாக்கு சொல்ல இல்ல. போடா” என்றார் அக்கா.

மண்டியே சிரித்தது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் பச்சையம்மா, “இவன்கிட்ட இருக்கிற சாக்க ஏத்துறதுக்கே ஒரு லாரி வேணும்டி” என்றார்.

ஊர் ஊராகப் போய்ச் சாக்கு வாங்க சைக்கிள் வேண்டியிருந்தது. வற்றிய ஏரிக்குள் விழுந்து எழுந்து அக்கா கற்றுக்கொண்டார். “புடவ கட்டிக்கினு சைக்கிளா?” என்று கேட்டவரிடம், “புடவயா ஓட்டுது? நான்தான ஓட்டுறேன்” என்றார். மழை, வெயில், காய்ச்சல் எதையும் சொல்லி அவர் வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் உண்டு. விழுப்புரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் சாக்குக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறும்போது, பாதிப் படியில் நின்றுவிடுவார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பார்.

“இன்னாக்கா?”

“ரயிலு பாக்கறேன்.”

“சின்னப் புள்ள மாதிரி இன்னாக்கா வேடிக்க?”

“நீ போய்க்கினே இரு. வர்றேன்.”

நான் போய்க்கொண்டே இருந்தேன். ரயிலே இல்லாத நேரத்திலும் அவர் ரயில் பார்த்திருக்கிறார். அது ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு திண்டிவனத்தில் அக்கா கடை வைத்தார். எல்லோரும் அவரைச் ‘சாக்குக்காரம்மா’ என்றே கூப்பிட்டார்கள். “ஊருக்கெல்லாம் சாக்கு குடுக்கறவ நான். எனக்குன்னு ஒண்ணும் வெச்சிக்கறதில்ல” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தக் கடையை வைத்தே தேவியைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தார். என்னையும் வியாபாரிகளோடு பேசும் அளவுக்கு ஆளாக்கினார்.

சென்ற ஆண்டு ஒரு நாள் கடையில் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எத்தனை வருடமாக வைத்தியம் பார்க்கிறார் என்று டாக்டர் கேட்டார்.

“வைத்தியம் எதுவும் இல்லீங்க. அவங்களுக்கு ஒண்ணும் கிடையாதுங்க” என்றேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “ஒண்ணும் கிடையாதா? நெஞ்சுல வால்வு ரொம்ப வருஷமா சுருங்கி இருக்கு. யாருமே சொல்லலயா?”

மறுநாள் காலையில் அக்கா போய்விட்டார்.

காரியம் முடிந்த பிறகு, கோணி ஊசி வைக்கும் தகர டப்பாவின் அடியில் மடித்த சீட்டு ஒன்றைத் தேவி எடுத்தாள். ஆங்கிலத்தில் இருந்ததை எனக்குப் படித்துச் சொன்னாள். இதய நோய். கனமான வேலை கூடாது. பெரிய ஆஸ்பத்திரியில் உடனே காட்ட வேண்டும். வருடம் 1993.

பாலத்தில் அவர் நின்றது ரயில் பார்க்க இல்லை, மூச்சு வாங்க என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 1993இல் அந்த டாக்டரிடம் அக்காவை அழைத்துப் போனவனே நான்தான்.

“உள்ள வாடா. டாக்டர் இன்னா சொல்றாருன்னு ரெண்டு பேருமா கேக்கலாம்” என்று அக்கா கூப்பிட்டார்.

“எனக்குக் கூச்சமா இருக்குக்கா. நீ போய்ட்டு வா. நான் வெளி கேட்டாண்ட நிக்கறேன்” என்றேன்.

திரும்பி வந்தவர், “ரத்தம் கம்மியாம். கீர சாப்புட சொன்னாரு” என்றார். நான் நம்பினேன். அன்று முதல் வாரம் தவறாமல் அவருக்கு முருங்கைக்கீரை கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

பச்சையம்மாவிடம் ஓடினேன். அவர் அழுதார். “எனக்குத் தெரியும்பா. கொழந்த தலைல அடிச்சி சத்தியம் வாங்கிக்கினா. ‘புருசனும் இல்ல, நெஞ்சும் சரியில்லன்னா ஊரே என்ன மூலைல ஒக்கார வெச்சிடும்’னு சொன்னா.”

அக்காவை நினைத்துப் பெருமைப்படுவதா, கோபப்படுவதா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. சாக்கு சொல்லாமல் வாழ வேண்டும் என்று எங்களுக்குக் காட்டியவர் அவர். ஆனால் அந்தச் சீட்டில் இருந்தது சாக்கு இல்லை அக்கா, காரணம். அதை எங்களிடம் சொல்லியிருக்கலாம். கூச்சம் என்று நான் சொன்னதுதான் சாக்கு. நான் பத்தடி உள்ளே வந்திருந்தால் போதும்.

அன்று அக்காவைத் தன் ஆட்டோவில் தூக்கி வைத்து விரைந்த தம்பிக்கும், ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், வேலையை நிறுத்திவிட்டு வந்து அக்காவைச் சுமந்த மண்டித் தோழர்களுக்கும், இத்தனை ஆண்டுகள் ஒரு சத்தியத்தைத் தனியாகச் சுமந்த பச்சையம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எழுத்தில் மட்டும் நன்றி சொன்னால் போதாது. நினைவுநாள் படையல் முடிந்ததும் உங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து வாயால் சொல்வதாக இருக்கிறேன். அந்த நேரத்தில் நான் வெளிவாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தால், தயவுசெய்து கையைப் பிடித்து என்னை உள்ளே அழைத்து வாருங்கள்.